தோள்வலியோடு வந்த ஸ்னோமொபைல்: ஸ்டியரிங் கனத்ததன் காரணங்களைத் தேடிய ஒரு நிகழ்வு ஆய்வு

ஜனவரி மூன்றாம் வாரம். கனடாவின் வடக்கு ஒன்டாரியோவில், டிம்மின்ஸ் நகரில், அன்று காலை மைனஸ் 29 டிகிரி. எழுபத்தொரு வயதுக்காரர் ஒருவர் டிரெய்லரில் பனியின் மேல் ஓடும் தன் ஸ்னோமொபைல் வண்டியை ஏற்றிக்கொண்டு எங்கள் பட்டறை வாசலில் வந்து நின்றார். தங்கச் சுரங்கத்தில் பாறை துளைக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வண்டியைக் காட்டுவதற்கு முன்னால் தன் வலது தோளைத்தான் காட்டினார்.

நேராகப் போகும்போது தொந்தரவில்லை. வளைவு வந்தால் ஹேண்டில்பாரை இழுத்துப் பிடித்துத் திருப்ப வேண்டியிருக்கிறது. நாற்பது கிலோமீட்டர் போய்த் திரும்பினால் மறுநாள் கையைத் தூக்க முடிவதில்லை. துளைக்கருவி பிடித்த பழைய தோள், வயதும் ஆகிவிட்டது என்று நினைத்து மருத்துவரிடம் போனார், பயிற்சிகள் செய்தார். பிறகு ஒரு நாள் பக்கத்து வீட்டுக்காரரின் ஸ்னோமொபைலை ஒரு மணி நேரம் ஓட்டியிருக்கிறார். வலியே இல்லை. அன்றுதான் வண்டியின் மீது சந்தேகம் வந்தது.

இந்தப் பகுதியில் ஸ்னோமொபைலை எல்லோரும் சுருக்கமாக ஸ்லெட் என்பார்கள். பிரெஞ்சு பேசும் குடும்பங்களில் மோட்டோநேஜ். இவர் இரண்டையும் கலந்து பேசுவார். வண்டி 2000-களின் நடுவில் வந்த, இருவர் அமரும் சுற்றுலா வகை. பவர் ஸ்டியரிங் கிடையாது. தயாரித்தவர் யார் என்பது இங்கே தேவையில்லை; நான் சொல்லப்போகும் கோளாறுகள் எந்த வண்டியிலும் வரக்கூடியவை. டிசம்பரில் வேறொரு பட்டறையில் காட்டியிருக்கிறார். ஸ்டியரிங்கின் இழுப்பைச் சக்கரம்போலத் திரும்பும் முன்பாகத்துக்குக் கடத்தும் டை ராட் என்ற கம்பிகளின் முனைகள் நான்கையும் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். கனம் அப்படியே இருந்தது.

இந்த வேலையை விரிவாக எழுதக் காரணம் உண்டு. ஸ்டியரிங் கனம் என்ற ஒரே புகாருக்குள் ஐந்து காரணங்கள் இருந்தன. அவற்றில் எதுவும் உடைந்த பாகம் அல்ல. அதனால்தான் புதுப் பாகம் போட்டும் தீரவில்லை.

வண்டி எப்படித் திரும்புகிறது

முன்னால் இரண்டு ஸ்கீ (பனியில் வழுக்கும் நீண்ட சறுக்குப் பலகை), பின்னால் ஓடும் ரப்பர் பட்டை என்ற அமைப்பு தொண்ணூறு ஆண்டுப் பழமையானது. கியூபெக்கின் வால்கோர்ட் ஊரைச் சேர்ந்த ஜோசப்-ஆர்மண்ட் பொம்பார்டியே, 1934-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பனி மூடிய சாலையால் தன் சிறு மகனை மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடியாமல் பறிகொடுத்தார். 1937-இல் தன் பற்சக்கர, பட்டை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1959-இல் சிறிய ஸ்கீ-டூ வண்டி சந்தைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்றுவரை ஒரு விஷயம் மாறவில்லை: வண்டியின் எடையையும் ஓட்டுபவரின் எடையையும் ஸ்கீகளும் பட்டையும் பங்கு போட்டுக்கொள்கின்றன. ஸ்கீயின் பங்கு குறைந்தால் வண்டி வளைவில் திரும்பாமல் நேராக வழுக்கிக்கொண்டு போகும். பங்கு கூடினால் ஸ்டியரிங் கனக்கும்.

ஸ்கீ தானாகப் பனியைப் பிடித்துத் திருப்புவதில்லை. அதன் அடியில் நீளவாட்டில் ஓர் இரும்புக் கம்பி இருக்கும், ரன்னர் என்பார்கள். அந்தக் கம்பியின் நடுவே டங்ஸ்டன் கார்பைடு துண்டு பற்றவைக்கப்பட்டிருக்கும். பனிக்கட்டியைக் கீறிப் பிடிப்பது அதுதான். ஸ்கீ ஒரு செங்குத்தான தண்டின் அடியில் மாட்டப்பட்டிருக்கிறது. அந்தத் தண்டு ஸ்பிண்டில். இந்த வண்டியில் ஸ்பிண்டில் ஒரு குழாய்க்குள், மேலும் கீழும் இரண்டு பிளாஸ்டிக் புஷ்களுக்கு (தண்டைத் தாங்கும் உருளை வளையங்கள்) நடுவே சுழலும். அதன் தலையில் ஒரு கை. அந்தக் கையை டை ராட் இழுக்கும். டை ராடை ஸ்டியரிங் தண்டு இழுக்கும்.

ஆகவே கனம் இரண்டு இடங்களிலிருந்துதான் வர முடியும். மூட்டுகளுக்குள் எங்கோ இறுக்கம் இருக்கலாம். அல்லது ஸ்கீ பனியில் அளவுக்கு மீறி ஊன்றலாம். முதலாவது வண்டியைத் தூக்கி வைத்தாலும் இருக்கும். இரண்டாவது ஸ்கீ தரையைத் தொட்டால்தான் தெரியும். இந்தப் பிரிப்பைச் செய்யாமல் ஸ்பேனரைக் கையில் எடுப்பதை நான் ஏற்பதில்லை.

கேட்ட கேள்விகள்

அவரிடம் மூன்று கேள்விகள் கேட்டேன். கட்டைவிரலால் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது கனம் குறைகிறதா? குறைகிறது என்றார். வளைவுக்கு முன்னால் ஆக்ஸிலேட்டரை விட்டதும்தான் மிகவும் கனக்கிறது. அது சுமையின் அடையாளம். வேகம் பிடிக்கும்போது எடை பின்னுக்குப் போகும், விட்டால் முன்னுக்கு வரும். வளைவு முடிந்ததும் ஹேண்டில்பார் தானாக நடுவுக்குத் திரும்புகிறதா? இல்லை, திருப்பிய இடத்திலேயே நின்றுவிடுகிறது, நான்தான் இழுத்துக் கொண்டுவர வேண்டும் என்றார். இது இறுக்கத்தின் அடையாளம். இரண்டு பதில்களும் இரண்டு வேறு திசைகளைக் காட்டின.

மூன்றாவது கேள்விக்கான பதில்தான் வேலையின் போக்கைத் தீர்மானித்தது. புறப்பட்டவுடன் கனமா, போகப்போகக் கனமா என்று கேட்டேன். "காலையில் முதல் வளைவிலேயே. டிசம்பரில் அந்தப் பட்டறைக்காரர் ஓட்டிப் பார்த்து அப்படியொன்றும் இல்லையே என்றார்" என்றார்.

டிசம்பரில் அவர் வண்டியை மாலையில் விட்டிருக்கிறார். அது இரவெல்லாம் சூடேற்றிய கொட்டகைக்குள் நின்றிருக்கிறது. மறுநாள் காலை பார்த்திருக்கிறார்கள். பனி உருகி, கிரீஸ் இளகி, நோயின் பாதி அதற்குள் மறைந்துபோயிருக்கும். அவர்கள் அக்கறையில்லாமல் பார்த்தார்கள் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் பட்டறையிலும் வழக்கம் அதுதான்: வரும் வண்டியை முதலில் உள்ளே தள்ளிப் பனியை உருகவிடுவோம். இந்த வண்டியை உள்ளே கொண்டுவராதே என்று பையனிடம் சொன்னேன்.

பையன் என்பது இங்கே கல்லூரியில் படிக்க மதுரையிலிருந்து வந்திருப்பவர். வாரக் கடைசியில் எங்களோடு வேலை பார்க்கிறார். கூர்மையான பிள்ளை. "அண்ணா, இந்தக் குளிரில் வெளியே வைத்தா பார்க்கப் போகிறோம்?" என்றார். "கோளாறு குளிரில்தான் வருகிறது தம்பி. நாமும் அங்கேதான் போக வேண்டும்" என்றேன்.

கொக்கித் தராசு

வண்டி இரவு முழுவதும் வெளியே நின்றது. காலை ஏழரைக்கு, விளக்கு வெளிச்சத்தில், முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி இரண்டு ஸ்கீகளும் தரையைத் தொடாதபடி வைத்தோம். நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் இப்படித் தூக்கியதும் ஒரு விரலால் ஹேண்டில்பாரை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் தள்ளலாம். இங்கே இரண்டு கையும் வேண்டியிருந்தது.

கை உணர்வு மட்டும் போதாது, எண் வேண்டும் என்று நினைத்தேன். உரிமையாளர் தன் வண்டிப் பெட்டியிலிருந்து மீன் நிறுக்கும் கொக்கித் தராசை எடுத்துக் கொடுத்தார். உறைந்த ஏரியில் துளையிட்டு மீன் பிடிப்பவர்கள் அது இல்லாமல் போவதில்லை. கொக்கியை ஹேண்டில்பாரின் பிடி நுனியில் மாட்டி, கம்பிக்குச் செங்குத்தாக மெல்ல இழுத்து, ஹேண்டில்பார் நகரத் தொடங்கியதும் முள் காட்டிய எடையைப் பார்த்தோம். 5 கிலோ.

இப்போது பிரிக்க வேண்டும். இரண்டு டை ராட்களையும் ஸ்பிண்டில் கைகளிலிருந்து கழற்றினோம். ஸ்டியரிங் தண்டு மட்டும் சுழல 400 கிராம் போதுமாக இருந்தது. தண்டிலும் அதன் கீழ்ப் புஷ்ஷிலும் குறையில்லை. பிரேக் குழாயோ மின்கம்பிக் கற்றையோ தண்டில் உரசவும் இல்லை. இடது டை ராடை மட்டும் மாட்டினோம்: 1.1 கிலோ. அதைக் கழற்றி வலதை மட்டும் மாட்டினோம்: 4.3 கிலோ. பையன் எண்களை மரப்பலகையில் பென்சிலால் எழுதிக் கூட்டிப் பார்த்தார். தண்டு 0.4, இடது 0.7, வலது 3.9. மொத்தம் 5. கணக்கு சரியாக வந்ததும் அவர் முகத்தில் வந்த மகிழ்ச்சியைப் பார்த்தபோது எனக்கும் மனம் நிறைந்தது. வலது ஸ்பிண்டில்தான் என்பதில் இனி ஊகத்துக்கு இடமில்லை.

பிறகுதான் உள்ளே தள்ளினோம். மூன்று மணி நேரம் கழித்து அதே தராசு 2.2 கிலோ காட்டியது. டிசம்பரில் அந்தப் பட்டறைக்காரர் கையில் உணர்ந்தது இந்த 2.2-ஆகத்தான் இருந்திருக்கும்.

வலது ஸ்பிண்டில்

ஸ்பிண்டிலின் தலையும் கையும் பல்வரியால் பிணைந்தவை. ஒரு பல் தள்ளி மாட்டினாலும் ஸ்கீ கோணலாகிவிடும். ஆகவே கழற்றுவதற்கு முன்னால் இரண்டின் மீதும் ஒரே கோடாக வெள்ளைப் பெயிண்ட் தீட்டினோம். ஸ்கீயைக் கழற்றி, தலையிலிருந்த போல்ட்டை எடுத்து, கையை நீக்கியாயிற்று. இப்போது தண்டு தன் எடையிலேயே கீழே இறங்க வேண்டும். அசையவில்லை.

துரு இளக்கும் எண்ணெய் விட்டு மதியம் வரை காத்திருந்தோம். தலையின் மரையைக் காக்க ஒரு பழைய நட்டை முழுக்கத் திருகி, அதன் மேல் பிளாஸ்டிக் சுத்தியால் தட்டினோம். தீக்குழாய் பிடிக்கலாமா என்று பையன் கேட்டார். உள்ளே பிளாஸ்டிக் புஷ் இருக்கிறது, வெளியே ரப்பர் உறை இருக்கிறது, அவசரம் வேண்டாம் என்றேன். இருபது தட்டில் ஒரு விரற்கடை இறங்கியது. பிறகு இடதும் வலதுமாகச் சுழற்றிச் சுழற்றி இழுத்ததில் முனகிக்கொண்டு வெளியே வந்தது.

அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். மேற்பாதியில் மஞ்சள் நிறக் கிரீஸ் புதிதாக, ஈரமாக இருந்தது. கீழ்ப்பாதியில், கீழ்ப் புஷ் அமரும் இடத்தில், இரண்டு விரல் அகலத்துக்குக் கருஞ்சிவப்புத் துரு வளையம். துரு இரும்பைத் தின்னும் என்பார்கள். புஷ்ஷுக்குள் அது இரும்பை வீங்கவும் வைக்கும். அந்த வீக்கம் பிளாஸ்டிக்கை நெருக்கிப் பிடித்திருந்தது. புஷ்ஷின் உட்சுவரில் வளையத்தின் அச்சு அப்படியே பதிந்திருந்தது. அதற்கு மேல், குழாயின் நடுவே, கால் தேக்கரண்டித் தண்ணீர். இரவில் அது பனிக்கட்டியாக இருந்திருக்கும்.

உரிமையாளர் ஆண்டுதோறும் கிரீஸ் அடிப்பவர். அதில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் வண்டியின் எடை ஸ்கீயில் நிற்கும்போதே நிப்பிளில் அடித்து வந்திருக்கிறார். அப்போது ஸ்பிண்டில் ஒருபக்கம் சாய்ந்து அழுந்தி நிற்கும். கிரீஸ் எளிதான வழியைத் தேடி மேல் வாயால் வெளியே வந்துவிடும். மேலே கிரீஸ் பிதுங்குவதைப் பார்த்து, நிறைந்துவிட்டது என்று நிறுத்தியிருக்கிறார். கீழ்ப் புஷ்ஷுக்கு ஆண்டுக்கணக்கில் ஒரு துளியும் போகவில்லை. ஸ்பிண்டிலுக்குக் கிரீஸ் அடிப்பவர்கள் முன்பக்கத்தைத் தூக்கி, ஸ்கீயை இருபக்கமும் ஆட்டிக்கொண்டே அடிக்க வேண்டும். மேலும் கீழும் பழைய கிரீஸ் வெளியே வரும் வரை அடிக்க வேண்டும். இதை அவருக்குக் கையில் கிரீஸ் துப்பாக்கியைக் கொடுத்தே செய்து காட்டினேன்.

துருவை எமரித் தாளால் தேய்த்து எடுத்தோம். நல்ல வேளையாக இரும்பில் ஆழமான குழிகள் இல்லை. புஷ் ஜோடி புதிது, விலை சொற்பம். மாட்டும்போது கையை விட்டால் தண்டு தானாகக் கீழே இறங்கும் அளவுக்குத் தளர்வு இருக்கிறதா என்று பார்த்தோம். இறங்கியது. கடுங்குளிரில் கெட்டியாகாத செயற்கைக் கிரீஸ் அடித்தோம். இடதுபக்கத்தையும் கழற்றித் துடைத்து மாட்டினோம். அங்கே துரு இல்லை, கிரீஸ் மட்டும் பழசாகிக் காய்ந்திருந்தது.

டை ராட் முனைகளில் ஒரு சிறு பிழையும் கண்ணில் பட்டது. ஒரு ராடின் இரண்டு முனைகளும் ஒரே தளத்தில் இருக்குமாறு பிடித்துக்கொண்டுதான் லாக் நட்டை இறுக்க வேண்டும். வலது ராடில் ஒரு முனை சற்று முறுக்கிய நிலையில் பூட்டப்பட்டிருந்தது. அதனால் கடைசித் திருப்பலில் பந்து தன் கிண்ணத்தின் விளிம்பில் முட்டியது. தளர்த்தி நேராக்கிப் பூட்டினோம்.

மறுநாள் காலை, இரவுக் குளிரில் நின்ற வண்டியில், தராசு 1.3 கிலோ காட்டியது.

பாதி தீர்ந்தது, பாதி மிச்சம்

அன்றே அவர் ஓட்டிப் பார்த்தார். ஹேண்டில்பார் இப்போது தானாக நடுவுக்கு வருகிறது என்றார். ஆனால் ஆக்ஸிலேட்டரை விட்டு வளைவுக்குள் நுழையும்போது கனம் அப்படியே இருந்தது. எதிர்பார்த்ததுதான். இறுக்கம் போய்விட்டது; சுமை பாக்கி.

எங்கள் பட்டறையில் குளியலறைத் தராசுகள் இரண்டு இதற்காகவே வைத்திருக்கிறோம். ஸ்கீக்கு ஒன்றாகக் கார்பைடுக்கு நேர் கீழே வைத்தோம். வண்டி முன்னால் உயர்ந்து நின்றால் எண் பொய் சொல்லும் என்பதால் பின்பட்டையின் அடியிலும் அதே உயரத்துக்குப் பலகை அடுக்கினோம். அவரை முழுக் குளிர் உடையோடு இருக்கையில் அமரச் சொன்னோம். இடது 71, வலது 68. மொத்தம் 139 கிலோ. அந்த வண்டிக்கு அது அதிகம்.

தராசைப் படிக்கக் குனிந்தபோதுதான் பையன் ஒன்றைக் கவனித்தார். "அண்ணா, வண்டியைத் தூக்கியபோது ஒரு ஸ்கீ மேலே பார்த்தது, இன்னொன்று கீழே பார்த்தது. அது சரியா?" திரும்பவும் தூக்கிப் பார்த்தோம். வலது ஸ்கீயின் மூக்கு வானத்தைப் பார்த்துச் சற்று நிமிர்ந்திருந்தது. இடது ஸ்கீயின் மூக்கு தொங்கியது. ஸ்கீக்கும் ஸ்பிண்டிலின் பாதத்துக்கும் நடுவே ஆப்பு வடிவில் ஒரு ரப்பர் கட்டை இருக்கும். அதன் வேலை ஸ்கீயின் மூக்கை எப்போதும் நிமிர்த்தி வைத்திருப்பது. இடதில் அந்த ரப்பர் முன்பின் மாறியிருந்தது. மூக்கு தாழ்ந்தால் ரன்னரின் முன்பகுதி பனியில் அழுந்தும். திருப்பும் அச்சுக்கு முன்னாலேயே பிடிப்பு தொடங்கிவிடும். வண்டி இடதுபக்கம் வெடுக்கென்று இழுக்கும், திருப்பவும் கனக்கும். இழுக்கிறதா என்று அவரிடம் கேட்டேன். "இழுக்கிறது, அதைப் பாதையின் குறை என்று நினைத்தேன்" என்றார்.

ரப்பர் எப்போது மாறியது? அக்டோபரில். வீட்டில் ஸ்கீயைக் கழற்றி அவரே கார்பைடு ரன்னர்களை மாற்றியிருக்கிறார். பழையது 4 அங்குலக் கார்பைடு. புதியது 6 அங்குலம். நண்பர் ஒருவர் சொன்னதைக் கேட்டு வாங்கியது. அந்த நண்பரின் வண்டியில் பட்டை முழுக்க இரும்பு முளைகள் அடித்திருக்கின்றன. பின்னால் முளைகள் இருந்தால் பட்டை தரையை இறுகப் பிடிக்கும். அதை வளைக்க முன்னால் நீளமான கார்பைடு வேண்டும். இவர் பட்டையில் முளையே இல்லை.

நீளமான கார்பைடு ஏன் தேவைப்பட்டது என்று கேட்டேன். பழையது தேய்ந்து மழுங்கி, வளைவில் வண்டி வழுக்கியது என்றார். எவ்வளவு காலமாக? இரண்டு குளிர்காலமாக. அதுவரை எப்படிச் சமாளித்தீர்கள்? லிமிட்டர் நாடாவை ஒரு துளை இறுக்கினேன் என்றார்.

இந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கு எல்லாம் விளங்கத் தொடங்கியது. பின் சஸ்பென்ஷனின் முன்பகுதி எவ்வளவு கீழே இறங்கலாம் என்று கட்டிவைக்கும் நாடா அது. அதைச் சுருக்கினால் பட்டையின் முன்பகுதி மேலே ஏறும். வண்டியின் முன்பக்கத்தைத் தாங்கும் பட்டையின் பங்கு குறைவதால் எடை ஸ்கீகளுக்குப் போகும். மழுங்கிய கார்பைடுக்கு அது ஒரு மாற்று. அவர் அன்று செய்தது வேலை செய்தது. ஆனால் அக்டோபரில் புதுக் கார்பைடு போட்டபோது நாடாவைப் பழைய துளைக்குக் கொண்டுபோக மறந்துவிட்டார். கூரான, நீளமான பிடிப்பின் மேல் கூடுதல் எடையும் உட்கார்ந்துகொண்டது.

பின் ஸ்பிரிங்

இன்னும் ஒன்று மிச்சமிருந்தது. பின்பம்பரைத் தூக்கி, சஸ்பென்ஷன் முழுக்க விரிந்த நிலையில் தரையிலிருந்து பம்பரின் உயரத்தை அளந்தோம். அவரை உட்காரவைத்துத் திரும்பவும் அளந்தோம். ஓட்டுபவர் அமர்ந்தால் பின்பக்கம் 5 முதல் 7.5 சென்டிமீட்டர் வரை இறங்க வேண்டும். இங்கே இறங்கியது 2 சென்டிமீட்டர். பின்பக்கம் இறங்காமல் நிமிர்ந்து நின்றால் வண்டி முன்னோக்கிச் சாய்ந்து, ஸ்கீகளின் மீது பாரம் கூடும். பின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை மாற்றும் கேம் இரண்டு பக்கமும் ஐந்தாவது நிலையில் இருந்தது. அது கடைசி நிலை. இருவர் பயணம் செய்யவும் சாமான் ஏற்றவும் உள்ளது.

நீங்கள் தனியாகத்தானே ஓட்டுகிறீர்கள் என்று கேட்டேன்.

அவர் சற்று நேரம் பேசவில்லை. மனைவி எப்போதும் பின்னால் அமர்ந்து வருவாராம். ஏரிக்கரையில் அவர்களுக்கு ஒரு மரக்குடில் உண்டு; குளிர்காலத்தில் அங்கே ஸ்னோமொபைலில்தான் போக முடியும். மூன்று ஆண்டுகளுக்கு முன் மனைவி இறந்துபோனார். கேமை யாரும் தொடவில்லை.

கேமைத் திருப்பும் சாவி வண்டியின் கருவிப் பையிலேயே இருக்கும். நான் அதை எடுத்தபோது, கொடுங்கள் என்று கையை நீட்டினார். தரையில் முழங்காலிட்டு இரண்டு பக்கமும் இரண்டாவது நிலைக்குத் தானே திருப்பினார். நாங்கள் எதுவும் சொல்லவில்லை. மறுபடி அமர்ந்தபோது பின்பக்கம் 6 சென்டிமீட்டர் இறங்கியது.

ஒவ்வொன்றாக

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றினால் எது எவ்வளவு உதவியது என்று தெரியாமல் போகும். ஆகவே ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் பட்டறைக்குப் பின்னாலுள்ள பனித்திடலில், ஒரே வளைவில், ஒரே வேகத்தில் ஓட்டிப் பார்த்தோம். தார்ச்சாலையிலோ சரளையிலோ இந்தச் சோதனையைச் செய்யக் கூடாது. கார்பைடு அங்கே வேறு மாதிரிப் பிடிக்கும், தேய்ந்தும் போகும்.

ரப்பரைத் திருப்பி மாட்டியதும் இடதுபக்க இழுப்பு நின்றது. கனம் சிறிதளவே குறைந்தது. கேமை இறக்கியதும் அவர் முதன்முறையாகச் சிரித்தார். மொத்தச் சுமைக் கனத்தில் பெரும்பங்கு அங்கேதான் இருந்திருக்கிறது. லிமிட்டர் நாடாவை ஒரு துளை தளர்த்தியதும் ஒரு கையால் திருப்பக்கூடிய நிலைக்கு வந்தது. தராசில் ஸ்கீகள் இடது 57, வலது 57 காட்டின. மொத்தம் 114 கிலோ; முன்பிருந்ததைவிட 25 கிலோ குறைவு.

முன் ஸ்பிரிங்குகளை நான் தொடவில்லை. தொட்டிருந்தால் இன்னும் இலேசாகியிருக்கும், ஆனால் வளைவில் வழுக்கத் தொடங்கியிருக்கும். 6 அங்குலக் கார்பைடையும் மாற்றவில்லை. பையனுக்கு அதில் உடன்பாடில்லை. முளையில்லாத பட்டைக்கு 4 அங்குலம் போதும் என்பது அவர் கருத்து. பொதுவாக அது சரிதான். ஆனால் இவர் குடிலுக்குப் போகும் வழியில் காற்று பனியைத் துடைத்துவிட்ட வெறும் ஏரிப் பனிக்கட்டியைக் கடக்க வேண்டும். எழுபத்தொரு வயதில் தனியாகப் போகிறவருக்கு அங்கே பிடிப்பு குறையக் கூடாது. இலேசான ஸ்டியரிங்கைவிடத் திரும்பும் ஸ்டியரிங் முக்கியம் என்று முடிவு செய்தேன்.

கடைசியாக ஸ்கீகளின் நேர்ப்பாடு. ஸ்கீகளின் மூக்குகளை ரப்பர் கயிற்றால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டி மூட்டுகளின் ஆட்டத்தை எடுத்துவிட்டு, பின்பட்டையின் பக்கவாட்டில் நீண்ட அலுமினியச் சட்டத்தை வைத்து, அதிலிருந்து ரன்னரின் முன்முனைக்கும் பின்முனைக்கும் உள்ள தூரத்தை இரண்டு பக்கமும் அளந்தோம். டிசம்பரில் முனைகள் மாற்றியபோது அளவு தவறி, வலது ஸ்கீ உள்ளே பார்த்துக்கொண்டிருந்தது. முன்பக்கம் மொத்தம் 4 மில்லிமீட்டர் விரிந்திருக்கும்படி வைத்தோம். இந்த வகை வண்டிகளுக்குப் பொதுவாக 3 முதல் 6 வரை சொல்வார்கள். தன் வண்டியின் கையேட்டில் உள்ளதையே ஒருவர் பின்பற்ற வேண்டும்.

புது வண்டி வாங்கலாமா

வேலை நடுவில் அவர் இதையும் கேட்டிருந்தார். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டிகள் வந்துவிட்டனவே, இதைக் கொடுத்துவிட்டு அதை வாங்கிவிடட்டுமா? யமஹா 2011 மாதிரி ஆண்டின் ஏபெக்ஸ் வண்டியில் மின்விசைப் பவர் ஸ்டியரிங்கைக் கொண்டுவந்தது. நல்ல வசதி, தோள்வலி உள்ளவர்களுக்கு வரம். வாங்கினால் அதைக் குறை சொல்லமாட்டேன். ஆனால் இந்த ஐந்து கோளாறுகளும் அப்படியொரு வண்டியில் இருந்திருந்தால் மோட்டார் சத்தமில்லாமல் அவற்றைச் சுமந்திருக்கும். துரு வளையம் வளர்ந்துகொண்டே போயிருக்கும். ஓட்டுபவரின் தோள் வலித்ததால்தான் நாங்கள் அந்த ஸ்பிண்டிலைக் கழற்றினோம். முதலில் இதைச் சரிசெய்வோம், பிறகு யோசியுங்கள் என்றேன்.

மார்ச் கடைசியில், பாதைகள் மூடப்படுவதற்கு முன்னால், அவர் ஒருமுறை வந்தார். இந்தக் குளிர்காலத்தில் குடிலுக்கு ஒன்பது முறை போய்வந்ததாகச் சொன்னார். அன்று மைனஸ் 11. வெளியிலேயே வண்டியைத் தூக்கி அவருடைய தராசை மாட்டினோம். 1.4 கிலோ. பையன் அதை ஜாப் கார்டில் எழுதினார். வலது கீழ்ப் புஷ்ஷில் மெல்லிய ஆட்டம் தெரிகிறது; கோடை முடிந்ததும் பார்க்க வேண்டும் என்று அதன் கீழே குறித்துவைத்தேன். அவர் தராசைத் துடைத்துப் பெட்டியில் போட்டுக்கொண்டு, ஏரியில் பனிக்கட்டி இன்னும் பத்து நாள் தாங்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.